யார் வர முடியாது? உத்திரமேரூர் கல்வெட்டும் கடினமான சுடோகுவும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூருக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் விசாரிப்பார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில். அதன் கல் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919-ம் ஆண்டு, மற்றொன்று 921. வந்தவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். 'குடத்துக்குள் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்களாம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். கிளம்பிவிடுவார்கள்.

குடம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இடம்பிடித்துப் பிரபலமாகிவிட்டது. ஆனால் அந்தக் கல்வெட்டில் ருசியான பகுதி குடத்துக்கு முன்னால் வருகிறது. யாருடைய பெயர் ஓலையில் ஏறவே கூடாது என்கிற பட்டியல் அது. செல்போனில் சுடோகு போட்டு, 'கடினம்' என்ற நிலையில் பாதியில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்கள் ஒருமுறை படிக்க வேண்டிய பட்டியலும் அதுதான். சுடோகுவுக்கும் சோழர் காலத்துக்கும் எந்த வரலாற்றுத் தொடர்பும் கிடையாது. யோசிக்கும் முறைதான் ஒன்று.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. வாரியத்தில் உட்கார வேண்டுமென்றால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். (919-ல் இது 30 முதல் 60 வரை என்றுதான் இருந்தது. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள்.) கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது. அவரோடு விஷயம் முடியவில்லை. அவருடைய அப்பா, மகன், உடன்பிறந்தவர், மாமனார், மருமகன், மைத்துனர், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, சித்தி பெரியம்மா பிள்ளைகள் என்று உறவு வட்டமே மொத்தமாக வெளியே!

இதை இன்றைய பொருளில் ஜனநாயகம் என்று கொண்டாடுவதற்கு முன் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆனால், ஒருவரை உள்ளே விடுவதற்கு முன் யாரையெல்லாம் நீக்குவது என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்த ஆவணம் அரிது.

கட்டத்துக்கும் உறவினர் உண்டு

சுடோகு பலகையில் 81 கட்டங்கள். ஒவ்வொரு கிடைவரிசையிலும், ஒவ்வொரு நெடுவரிசையிலும், 3×3 அளவுள்ள ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒருமுறை மட்டும் வர வேண்டும். விதி இவ்வளவுதான். கூட்டல் கழித்தல் எதுவும் தேவையில்லை. எண்களுக்குப் பதிலாக ஒன்பது பழங்களின் படத்தைப் போட்டாலும் புதிர் மாறாது.

ஒரு கட்டத்தில் ஓர் எண் உறுதியாகிவிட்டால், அதே கிடைவரிசையில் 8 கட்டங்கள், நெடுவரிசையில் 8 கட்டங்கள், பெட்டியில் மீதமுள்ள 4 கட்டங்கள், ஆக 20 கட்டங்களில் அந்த எண்ணுக்கு அனுமதி இல்லை. கணக்குக் காட்டாதவரின் உறவினர் பட்டியல் போலத்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக 20 உறவினர்கள்.

ஒரு கட்டத்தில் வரக்கூடிய எண்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயருக்குத் தமிழில் நேர் சொல், வேட்பாளர்! செல்போன் செயலிகளில் பென்சில் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் கட்டத்துக்குள் சின்னதாக எண்களைக் குறித்துக்கொள்ளலாம். அதுதான் வேட்பாளர் பட்டியல். பலர் அந்தப் பொத்தானைத் தொடுவதேயில்லை. எளிய புதிருக்கு அது தேவையும் இல்லை. கடினமான புதிரில் பட்டியல் எழுதாமல் இறங்குவது, துண்டுச்சீட்டு இல்லாமல் கல்யாணத்துக்கு மளிகை வாங்கப் போவது மாதிரி.

'இங்கே எந்த எண் வரும்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் 'நடுத்தரம்' வரை போகலாம். அதற்கு மேல் கேள்வி மாற வேண்டும். 'இங்கே எந்த எண் வர முடியாது?'

முதல் படி சுலபம். ஒரு பெட்டியில் 8 என்ற எண் வர இரண்டு மூன்று இடங்கள் இருக்கின்றன, அவை எல்லாம் முதல் கிடைவரிசையிலேயே இருக்கின்றன என்று வையுங்கள். அந்தப் பெட்டியின் 8 எந்தக் கட்டத்தில் என்று தெரியாது. ஆனால் முதல் வரிசையில்தான் என்பது தெரியும். ஆகவே அந்த வரிசையில் பெட்டிக்கு வெளியே உள்ள கட்டங்களிலிருந்து 8-ஐ அழித்துவிடலாம். எங்கே என்று தெரியாமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். மேல்நிலை உத்திகள் எல்லாம் இந்த ஒரு யோசனையின் பிள்ளைகள்.

அடுத்தது ஜோடி. ஒரு வரிசையில் ஒரு கட்டத்தில் 2, 6 மட்டும். இன்னொரு கட்டத்திலும் 2, 6 மட்டும். இரண்டு பேர், இரண்டு நாற்காலி. யார் எதில் உட்கார்ந்தாலும் மூன்றாமவருக்கு இடமில்லை. அந்த வரிசையின் மற்ற கட்டங்களிலிருந்து 2-ம் 6-ம் போய்விடும். இதன் மறுபக்கம் கொஞ்சம் தந்திரமானது. ஒரு பெட்டியில் 1-ம் 9-ம் வர முடிந்தவை இரண்டே கட்டங்கள். ஆனால் அந்தக் கட்டங்களில் 3, 4, 5 என்று வேறு எண்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கூட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 1-க்கும் 9-க்கும் வேறு போக்கிடம் இல்லாததால் அந்த இரு கட்டங்களும் அவற்றுக்கே சொந்தம். மற்றவற்றை அழிக்கலாம்.

நான்கு மூலைகள்

பலர் தடுக்கி விழும் இடம் 'எக்ஸ்-விங்'. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் போர் விமானத்தின் பெயர் அது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நிதானமாகப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

கட்டங்களை (2,3) என்பது போலக் குறிப்போம். கிடைவரிசை எண் முதலில், நெடுவரிசை எண் அடுத்து. இரண்டாம் கிடைவரிசையில் 7 வர முடிந்த இடங்கள் இரண்டே இரண்டு: (2,3), (2,8). ஆறாம் கிடைவரிசையிலும் இரண்டே இரண்டு: (6,3), (6,8). நான்கையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு செவ்வகம் வரும்.

இப்போது இரண்டே வழிதான். (2,3)-ல் 7 வந்தால், மூன்றாம் நெடுவரிசையில் 7 முடிந்துவிட்டது. (6,3)-ல் வர முடியாது, (6,8)-ல்தான் வர வேண்டும். மாறாக (2,8)-ல் 7 வந்தால், (6,3)-ல் வந்தாக வேண்டும். இரண்டில் எது உண்மை என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். எப்படி வந்தாலும் 3-ம் நெடுவரிசைக்கு ஒரு 7, 8-ம் நெடுவரிசைக்கு ஒரு 7 கிடைத்துவிட்டது. எனவே அந்த இரண்டு நெடுவரிசைகளிலும் மூலைகள் தவிர்த்த மற்றக் கட்டங்களில் 7-க்கு வேலை இல்லை. அழித்துவிடுங்கள். ஒரே மூச்சில் நாலைந்து கட்டங்களில் 7 காணாமல் போகும். அதில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே ஓர் எண் மிஞ்சி நிற்கும். அரை மணி நேரமாக அசையாமல் கிடந்த புதிர் அங்கிருந்து அவிழும்.

செல்போனில் இதைத் தேட ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான செயலிகளில் ஓர் எண்ணைத் தட்டினால் பலகையில் அந்த எண் இருக்கும் இடங்கள் எல்லாம் நிறம் மாறும். 1-ல் தொடங்கி 9 வரை ஒவ்வொன்றாகத் தட்டி, எந்த வரிசையில் இரண்டே இடங்கள் என்று பாருங்கள். கண்ணுக்குச் செவ்வகம் பழக நாலைந்து நாள் ஆகும்.

இதையே மூன்று வரிசைகளுக்கு நீட்டினால் 'ஸ்வார்ட்ஃபிஷ்'. 4 என்ற எண் 1, 5, 9-ம் கிடைவரிசைகளில் வர முடிந்த இடங்கள் எல்லாம் 2, 6, 8 என்ற மூன்று நெடுவரிசைகளுக்குள் அடங்கிவிட்டால், அந்த நெடுவரிசைகளின் மற்றக் கட்டங்களில் 4 கிடையாது. ஒவ்வொரு கிடைவரிசையிலும் மூன்று இடங்களும் இருந்தாக வேண்டும் என்பதில்லை, இரண்டு இருந்தாலும் போதும். நான்கு வரிசைக்கும் இது உண்டு. கண் வலிக்கும் என்பதைத் தவிர வேறு தடையில்லை.

'எக்ஸ்-ஒய் விங்' வேறு ரகம். அதில் ஒரே எண்ணை அல்ல, மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும். (2,2)-ல் 2, 5 என்று இரண்டே வேட்பாளர்கள். அதே கிடைவரிசையில் (2,7)-ல் 2, 9. அதே நெடுவரிசையில் (8,2)-ல் 5, 9. இப்போது (2,2)-ல் 2 வந்தால் (2,7) 9 ஆகிவிடும். (2,2)-ல் 5 வந்தால் (8,2) 9 ஆகிவிடும். ஏதாவது ஒன்று 9 ஆவது உறுதி. (8,7) என்ற கட்டம் இந்த இரண்டுக்கும் உறவினர். ஒன்று அதன் நெடுவரிசையில், மற்றொன்று அதன் கிடைவரிசையில். ஆகவே (8,7)-ல் 9 வர முடியாது. அண்ணன் வந்தாலும் தம்பி வந்தாலும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வருவது நிச்சயம் என்கிற மாதிரி.

இதற்கும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு நிறம் பூசும் முறை இருக்கிறது. ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, ஒரு வரிசையிலோ பெட்டியிலோ அது வர இரண்டே இடங்கள் இருந்தால் ஒன்றுக்கு நீலம், மற்றதற்குப் பச்சை. அங்கிருந்து அதேபோல் இரண்டே இடங்கள் உள்ள அடுத்த வரிசைக்குச் சங்கிலியாக நீட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு நீலங்கள் ஒரே வரிசையில் மோதிக்கொண்டால் நீலம் முழுவதும் பொய், பச்சை முழுவதும் மெய். அச்சிட்ட தாளும் இரண்டு வண்ணப் பென்சிலும் இருந்தால்தான் இது சுகம்.

நம்பிக்கையைத் துப்பாக்கலாமா?

சுடோகு ஆர்வலர்களுக்குள் சண்டை மூட்டும் உத்தி ஒன்று உண்டு. (4,2), (4,7), (5,2), (5,7) என்று நான்கு கட்டங்கள். இரண்டு கிடைவரிசை, இரண்டு நெடுவரிசை, இரண்டே பெட்டிகள். மூன்று கட்டங்களில் 3, 8 மட்டும். நான்காவதில் 3, 8, 6. இந்த நான்காவதில் 6-ஐத் தயங்காமல் போடலாம் என்கிறது இந்த உத்தி.

காரணம் இதுதான். அங்கே 6 வராவிட்டால் நான்கு கட்டங்களிலும் 3-ம் 8-ம் மட்டுமே. அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் எந்த வரிசையும் எந்தப் பெட்டியும் கெடாது. அப்படியென்றால் புதிருக்கு இரண்டு விடைகள் வந்துவிடும். ஒழுங்கான சுடோகுவுக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். ஆகவே 6.

'இது அழுகுணி ஆட்டம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பலகையில் இருப்பதை மட்டும் வைத்துத் தீர்க்காமல், புதிரை உருவாக்கியவர் ஒரே விடை என்று கொடுத்த வாக்கையே துப்பாகப் பயன்படுத்துகிறீர்களே என்பது அவர்கள் கட்சி. அந்த வாக்கும் புதிரின் பகுதிதானே என்பது எதிர்க்கட்சி. இரண்டாவது கட்சியில் நியாயம் அதிகம். ஆனால் ஓர் எச்சரிக்கை. சரிபார்க்காமல் வெளியாகும் இலவசப் புதிர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ளவையும் கலந்திருக்கும். அங்கே இந்த உத்தி உங்களைக் கவிழ்த்துவிடும்.

ஒரே விடை கிடைக்கக் குறைந்தது எத்தனை எண்கள் கொடுக்கப்பட வேண்டும்? 17. அயர்லாந்தின் டப்ளினில் கேரி மெக்குவயர் குழுவினர் 2012-ல் கணினிகளை ஓட்டி, 16 எண்களோடு ஒரே விடையுள்ள சுடோகு கிடையாது என்று காட்டினார்கள். நிரம்பிய பலகைகள் மொத்தம் எத்தனை சாத்தியம் என்பதை 2005-ல் ஃபெல்கன்ஹவரும் ஜார்விஸும் கணக்கிட்டார்கள்: 6,670,903,752,021,072,936,960. ஆயுசுக்கும் தீராது!

இந்தப் புதிரின் பிறப்பு ஜப்பான் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் 1979-ல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில் வந்தது. உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 1984-ல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதை நடத்திய மகி காஜி வைத்த நீண்ட பெயரின் சுருக்கம்தான் சுடோகு. 'எண்கள் தனியாகவே இருக்க வேண்டும்' என்பது பொருள். அந்த ஜப்பானியச் சொல்லுக்கு 'கல்யாணம் ஆகாதவர்' என்றும் அர்த்தம் உண்டு. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வேய்ன் கூல்ட், புதிர்களை உருவாக்கும் கணினி நிரல் எழுதி, 2004 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் இடம்பிடித்துக் கொடுத்தார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. உலக சுடோகு சாம்பியன்ஷிப் இந்தியாவிலேயே இரண்டு முறை நடந்திருக்கிறது. 2008-ல் கோவாவில், 2017-ல் பெங்களூருவில்.

இன்னும் பின்னால் போனால் ஆய்லர் வருவார். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொன்றும் ஒருமுறை வரும் சதுரங்களை 18-ம் நூற்றாண்டில் ஆராய்ந்த கணித மேதை. அந்தச் சதுரங்களில் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவது பற்றி, குறிப்பிட்ட சில அளவுகளில் அது முடியவே முடியாது என்று அவர் ஊகித்தார். 6-க்கு அது சரி. ஆனால் 10 உள்ளிட்ட மற்ற அளவுகளில் அது தப்பு என்று 1959-ல் நிரூபித்த மூவரில் இருவர் இந்தியர்கள்: ஆர்.சி.போஸ், எஸ்.எஸ்.ஸ்ரீகண்டே. மூன்றாமவர் அமெரிக்கரான பார்க்கர். ஸ்ரீகண்டே 2020-ல் தன் 102-வது வயதில்தான் காலமானார். ('அவர் சுடோகு போடுவாரா?' என்று கேட்காதீர்கள். அதற்கும் மேலே போனவர் அவர்!)

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் 'தினம் சுடோகு போட்டால் மறதி நோய் வராதாமே' என்ற பேச்சு உண்டு. அப்படி உறுதி தரும் மருத்துவ ஆதாரம் இல்லை. பொழுது நல்லபடியாகப் போகும் என்பதற்கு ஆதாரம் தேவையில்லை.

மறுபடி உத்திரமேரூர். தகுதியில்லாதவர்களை எல்லாம் நீக்கிய பிறகு மிஞ்சியவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சபை கூடியிருக்கும். ஏதும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஓலையை வாங்கி, எல்லோரும் கேட்கப் படிப்பார். அங்கே அந்தச் சிறுவன் தேவை. மிஞ்சிய எல்லோரும் சமமான தகுதி உள்ளவர்கள். இவர்தான் என்று சொல்ல வேறு காரணம் இல்லை.

சுடோகுவில் அந்தச் சிறுவனுக்கு வேலை இல்லை. மிஞ்சிய இரண்டு வேட்பாளர்களில் ஒருவர்தான் சரி. அதற்கான காரணம் பலகையில் எங்கோ இருக்கிறது. இரண்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்து, அது முரண்பாட்டில் முடிந்தால் அழிப்பதும் தர்க்கம்தான், குற்றமில்லை. 'போட்டேன், வந்துவிட்டது' என்பதில்தான் சுவை போய்விடுகிறது. விடை கையில் இருக்கும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று தவறு செய்தால் ஆட்டத்தை முடித்துவிடும் செயலிகளில் அந்தச் சுவையும் மிஞ்சாது.

ஒரு சின்னப் பயிற்சி. 4-ம் கிடைவரிசையில் 5 வர முடிந்த இடங்கள் (4,2), (4,9) மட்டும். 8-ம் கிடைவரிசையில் (8,2), (8,9) மட்டும். (1,9) என்ற கட்டத்தில் 1, 5 என இரண்டு வேட்பாளர்கள். (1,4)-ல் 1, 6. இந்த இரண்டு கட்டங்களிலும் என்ன எண்? கீழே பார்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

விடை: 9-ம் நெடுவரிசையின் 5, நான்காம் வரிசையிலோ எட்டாம் வரிசையிலோதான் வரும். ஆகவே (1,9)-ல் 5 இல்லை, 1. அதே கிடைவரிசையில் 1 வந்துவிட்டதால் (1,4)-ல் 6.